மண்ணியல் விஞ்ஞானியின் வாழ்க்கையும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளாண் ஆராய்ச்சியில் 31 ஆண்டுகள் மண்ணோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், வேளாண் கல்லூரியில் மேற்படிப்புக்கு எந்தத் துறையை எடுப்பது என்று தவிக்கிறவர்கள், மண் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் விவசாயிகள் என்று பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். அவசரம் இல்லாதபோது படியுங்கள்.

மண்ணியல் விஞ்ஞானி என்றால் மண் பரிசோதனை செய்பவர்தானே?

பரிசோதனை இந்த வேலையின் ஒரு மூலைதான். மண் எந்தப் பாறையிலிருந்து வந்தது, எவ்வளவு மழையைப் பிடித்து வைக்கும், போட்ட உரத்தில் பயிருக்குப் போனது எவ்வளவு, தண்ணீரோடு கீழே இறங்கியது எவ்வளவு, காற்றில் ஆவியாகப் போனது எவ்வளவு, அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் என்ன செய்கின்றன என்று எல்லாமே இந்தத் துறைக்குள் வரும். ஒருவர் வாழ்நாள் முழுக்க மண்ணில் தண்ணீர் நகர்வதை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் துத்தநாகம் ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பார். வேறொருவர் ஜீப்பில் ஊர் ஊராகப் போய்க் குழி வெட்டி மண் வரைபடம் தயாரிப்பார். மூவருக்கும் பெயர் மண்ணியல் விஞ்ஞானிதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கு ‘மண்ணியல் மற்றும் வேளாண் வேதியியல்’ என்று பெயர். அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரலாறு உண்டு. நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வேதியியல்காரர்கள்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

ஆய்வக நாள் வேறு, வெளிவேலை நாள் வேறு. வெளிவேலையைச் சொல்கிறேன், ஆசையோடு நினைவில் நிற்பது அதுதான்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. ஆள் இறங்கி நிற்கும்படி ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி. ஒரு பக்கச் சுவரில் வெயில் நேராக விழும்படி வெட்டச் சொல்வோம். உள்ளே இறங்கி, கத்தி முனையால் அந்தச் சுவரை மேலிருந்து கீழாக மெல்லக் கொத்திக்கொண்டே வரவேண்டும். மேலே அரையடி பொலபொலவென்று உதிரும். அதற்கும் கீழே போகப் போகக் கத்தி இறங்காது. கட்டி சாய்வாக உடையும், உடைந்த முகம் எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, மண் தன்மேல் தானே உரசி உரசி ஏற்றிக்கொண்ட மெருகு அது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான், கரிசலில் கட்டிய வீட்டுச் சுவர் ஏன் விரிசல் விடுகிறது என்று எனக்கு உண்மையில் விளங்கியது. இன்னும் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு ஒரு கட்டியை ஈரமாக்கி, மன்செல் வண்ணப் புத்தகத்தின் சில்லுகளோடு ஒப்பிட்டு நிறத்துக்கான எண்ணை எழுதுவோம். ‘கருப்பு’ என்று எழுதினால் எனக்கு ஒரு கருப்பு, உங்களுக்கு ஒரு கருப்பு. எண் எழுதினால் உலகத்துக்கே ஒரே கருப்பு. கடைசியாக ஒரு பிடி மண்ணை நீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போலப் பிதுக்குவோம். மணல் என்றால் நாடாவே வராது. கரிசல் களி இரண்டு அங்குலத்துக்கு மேலும் அறாமல் நீளும். மணல், வண்டல், களி எவ்வளவு என்று ஆய்வகத்தில் நாள் கணக்கில் பார்க்கும் மண் நயப் பகுப்பாய்வை விரல் ஒரு நிமிடத்தில் ஏறக்குறையச் சொல்லிவிடும். அந்தப் பழக்கம் கைக்கு வர எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

மாலையில் மாதிரிப் பைகளோடு திரும்பும்போது நகக்கண்ணில் ஏறிய கரி மண் ஒரு வாரத்துக்குப் போகாது.

அரை கிலோ மண்ணை வைத்து ஒரு ஏக்கரை எப்படிச் சொல்ல முடியும்?

விவசாயிகள் கேட்கும் கேள்விகளில் மிகச் சரியான கேள்வி இது. மாணவர்கள் இதைக் கேட்பதே இல்லை என்பது என் வருத்தம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேலே 15 செ.மீ. மண்ணின் எடை மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதிலிருந்து ஆய்வகத்துக்கு வருவது அரை கிலோ. கரிமம் (கார்பன்) பார்க்க நாங்கள் எடுப்பது ஒரு கிராம், சில சமயம் அரை கிராம். அந்தச் சிட்டிகைதான் அந்த 9 லட்சம் கிலோவுக்காகப் பேசுகிறது. அது சரியாகப் பேசவேண்டும் என்றால் எடுக்கும் முறை சரியாக இருக்கவேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் மண்வெட்டியால் குழி போட்டு, அதன் இரு பக்கச் சரிவிலிருந்தும் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்கவேண்டும். நெல், கேழ்வரகு, நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம். பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளிக்கு 22 செ.மீ. தோப்பு என்றால் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுக்கவேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம், கிணற்றடி எல்லாவற்றையும் விட்டுவிடவேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து, அரை கிலோ வரும்வரை இப்படியே செய்யவேண்டும். இதற்குக் கால் பங்கீட்டு முறை என்று பெயர்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்திலிருந்து 40 மாதிரிகள் வந்தன. எல்லாவற்றிலும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) நம்பமுடியாத அளவுக்கு இருந்தது. அதை அளக்கும் ஃபிளேம் ஃபோட்டோமீட்டர் கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி, இரண்டு நாள் அதைத் திரும்பத் திரும்ப அளவு திருத்தினேன். கருவி சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அந்த ஊருக்கே போனேன். மாதிரிகளை எல்லாம் சாம்பல் சத்தும் கலந்த காம்ப்ளக்ஸ் உரத்தின் காலிச் சாக்கை விரித்து அதன்மேல் கொட்டி உலர்த்தியிருந்தார்கள். “சுத்தமான சாக்கில் உலர்த்துங்கள்” என்று பயிற்சியில் சொன்னது நான்தான். அவர்களும் சாக்கை நன்றாக உதறித்தான் விரித்திருந்தார்கள். எந்தச் சாக்கு ஆகாது என்பதை நான் சொல்லவில்லை. 40 பேருடைய வயலிலும் மறுபடி மாதிரி எடுத்தோம். அதற்குள் அவர்கள் நடவு தள்ளிப்போனது. மண் ஆய்வில் பெரிய பிழைகள் கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே நடப்பதில்லை, வயலிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன என்பதை அன்றைக்குக் கற்றேன். அதற்குப் பிறகு மாதிரி எடுக்கும் இடத்துக்கு நானே போவது வழக்கமாயிற்று.

ஆய்வகத்தில் என்னதான் செய்கிறீர்கள்?

நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியலால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணிலிருந்து தொடங்குவோம். அங்கக கரிமத்துக்கு, அதாவது மக்கிய இலை தழை, எரு வழியாக மண்ணில் சேர்ந்த கரிமத்துக்கு, 1934-இல் வாக்லியும் பிளாக்கும் சொன்ன முறைதான் இன்னும் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் மண்ணிலுள்ள கரிமத்தை எரிக்கின்றன. மீந்த டைகுரோமேட்டைத் துளித்துளியாகச் சமன் செய்தால், கருநீலம் ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். அந்த ஒரு சொட்டுக்காகக் கண் இமைக்காமல் நிற்கவேண்டும். தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) இந்தியா முழுக்கப் பயன்படும் முறை சுப்பையாவும் அசிஜாவும் 1956-இல் வெளியிட்டது. மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) 1954-இல் வந்த ஓல்சன் முறை. ஆனால் ஓல்சன் முறை கார மண்ணுக்கும் நடுநிலை மண்ணுக்கும்தான் ஏற்றது. நீலகிரித் தேயிலைத் தோட்டத்து அமில மண்ணுக்கு பிரே முறை வேண்டும். எந்த மண்ணுக்கு எந்த முறை என்று தெரிந்திருப்பதற்குத்தான் படிப்பு. குடுவையைப் பிடிக்க யாருக்கும் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

என்ன படிக்கவேண்டும்? எந்தத் தேர்வுகள் எழுதவேண்டும்?

ப்ளஸ் டூவில் அறிவியல் பாடம். பிறகு 4 ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மை. அதன்பின் 2 ஆண்டு எம்.எஸ்சி., மண்ணியலில். ஆராய்ச்சியே வாழ்க்கை என்றால் முனைவர் பட்டம் தவிர்க்க முடியாதது. முதுநிலைக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வும் உண்டு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்களில் சேரத் தேசிய அளவிலான தேர்வும் உண்டு. படிப்பு முடிந்தபின் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வு, ஏ.ஆர்.எஸ். என்று சொல்லப்படும் வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு. தகுதி விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. சீனியர் சொன்னதை நம்பாமல், அந்தந்த ஆண்டு அறிவிப்பை நீங்களே முழுக்கப் படியுங்கள்.

வேதியியல் வராது. இந்தத் துறைக்கு வரலாமா?

மண் இயற்பியலுக்கும் மண் வரைபட வேலைக்கும் வரலாம். அங்கே கணக்கும் செயற்கைக்கோள் படமும் அதிகம். ஆனால் முதல் இரண்டு வருடம் வேதியியலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஓர் ஆராய்ச்சி முடிய எவ்வளவு காலம் ஆகும்?

இந்தத் துறைக்கு வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு செம்மண் வயல் இருக்கிறது. நிரந்தர உரப் பரிசோதனை வயல் என்று பெயர். 1909-இல் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஒரு பாத்திக்கு எந்த உரமும் கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழையும் மணியும், இன்னொன்றுக்கு மூன்று சத்தும், வேறொன்றுக்குத் தொழுவுரம். இப்படியே நூறு ஆண்டுகளைத் தாண்டி நடந்துவருகிறது. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. அடுத்து வந்தவர்களும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் பாத்தியின் எல்லைக்கல்லை நகர்த்தாமல் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. மாணவியாக முதன்முறை அங்கே போனபோது, எந்த உரமும் காணாத பாத்தியின் பயிர் என் முழங்கால் உயரத்தில் வெளிறி நின்றது. நான்கு எட்டு தள்ளி, உரமும் எருவும் கண்ட பாத்தியில் பயிர் என்னை மறைத்தது. ஒரே மழை, ஒரே விதை. அந்த நான்கு எட்டு தூரம் எனக்கு எந்தப் பாடப் புத்தகத்தைவிடவும் அதிகம் கற்றுக்கொடுத்தது.

இதற்கெல்லாம் மூத்தது இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட். லாஸ், கில்பர்ட் என்ற இருவர் 1843-இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. அன்றிலிருந்து எடுத்த மண், தானியம், வைக்கோல் மாதிரிகளைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட தடயத்தைக்கூடப் பின்னாளில் அந்தப் புட்டிகளுக்குள் தேடிக் கண்டார்கள். புட்டியை மூடியவருக்கு அணு பிளக்கும் என்பதே தெரியாது.

இன்றைய நிதித் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடுகின்றன. மண்ணின் கரிமம் மூன்று ஆண்டில் அளக்கும்படி மாறுவது அபூர்வம். முதல் வருடம் ஆள் எடுப்பதிலும் கருவி வாங்குவதிலும் போகும். இரண்டாம் வருடம் மழை பொய்க்கும். மூன்றாம் வருடம் அறிக்கை எழுதவேண்டும். நீண்டகால வயல்களுக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவு என்று பார்க்கும் மனப்போக்கு தவறு என்று நான் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருந்தேன், இங்கேயும் சொல்கிறேன். அப்படியொரு வயலில் ஓர் ஆண்டு உரத்தை மாற்றிப் போட்டுவிட்டால் நூறு ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துவிடும். எந்தப் பணமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

ஒரே துண்டு நிலத்துக்குத் திரும்பத் திரும்பப் போக உங்களால் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியும் என்றால் வாருங்கள்.

இந்தத் துறையில் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியுமா?

ரத்தன் லால். 1944-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் பகுதியில் பிறந்தவர். பிரிவினையில் குடும்பம் அகதியாக இந்தப் பக்கம் வந்து, ஹரியானாவில் ஒரு சிறு நிலத்தில் பயிர் செய்தது. லூதியானாவில் வேளாண்மை, டெல்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் முதுநிலை, 1968-இல் அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அங்கேயே தங்கியிருக்கலாம். 1970-இல் நைஜீரியாவின் இபடானில் இருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்துக்குப் போனார், 1987 வரை அங்கே இருந்தார்.

அங்கே அவர் பார்த்தது இது. காட்டை இயந்திரத்தால் அழித்து உழுதால், வெப்பமண்டல மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது, வெறும் மண் வெயிலில் கொதிக்கிறது, மண்ணின் கரிமம் சில ஆண்டுகளில் கரைந்துவிடுகிறது. உழாமல் விதைத்து, அறுவடைத் தாளை மண்மேலேயே மூடாக்காக விட்டால் மண் நிற்கிறது. இதைச் சரிவு நிலங்களில் பாத்தி பாத்தியாக அளந்து காட்டினார். மண்ணிலிருந்து போன கரிமம் காற்றுக்குத்தானே போயிருக்கும், அதைத் திரும்ப மண்ணுக்குள் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்தது. பின்னர் ஓஹயோவுக்குத் திரும்பி அந்தக் கேள்வியிலேயே உழைத்தார். 2019-இல் ஜப்பான் பரிசு, 2020-இல் உலக உணவுப் பரிசு, 2021-இல் பத்மஸ்ரீ. அந்த உலக உணவுப் பரிசை 1987-இல் முதன்முதலாகப் பெற்றவர் நம் எம்.எஸ். சுவாமிநாதன். அவர் விதையின் பக்கமிருந்து வந்தவர். மண்ணின் பக்கமிருந்து ஒருவர் வாங்கியபோது எங்கள் துறையில் பலருக்கும் சொந்த வீட்டு விசேஷம் போல இருந்தது.

மண்வள அட்டையால் விவசாயிக்கு உண்மையிலேயே பயன் இருக்கிறதா?

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய திட்டம். அட்டையில் 12 அளவுகள் இருக்கும்: கார அமில நிலை, உப்பின் நிலை, அங்கக கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், பிறகு துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பாசன நிலத்தில் இரண்டரை எக்டருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து எக்டருக்கு ஒன்று என்று திட்டமிட்டார்கள். நம் ஊரில் பலருடைய காடு ஒன்று, ஒன்றரை ஏக்கர்தான். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் வயல் மண்தான் உங்கள் அட்டையில் பேசும். சொந்த வயல் மண்ணைத் தனியாகக் கொடுத்து ஆய்வு செய்துகொள்வது நல்லது என்று இதனால்தான் சொல்கிறேன்.

ஒருமுறை கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பெரியவர் சீட்டை என் கையில் கொடுத்தார். “அம்மிணி, எல்லாஞ் சரிங்க. எக்டருக்கு இத்தன கிலோன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு இருக்கறது ஒண்ணேகால் ஏக்கரா. கடையில மூட்டக் கணக்குலதானுங்க குடுக்கறாங்க. நா எத்தன மூட்ட வாங்கோணும், அதச் சொல்லுங்க.”

சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். உங்களுக்கும் காட்டுகிறேன், இது எந்தப் பாடத்திலும் இருக்காது. மத்திய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை 150, மணி 50, சாம்பல் 50 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் 61, 20, 20. தழையும் மணியும் சேர்ந்த டி.ஏ.பி. உரத்தில் மணிச்சத்து 46 சதவீதம், ஆகவே 44 கிலோ டி.ஏ.பி. போதும். அதிலேயே 8 கிலோ தழைச்சத்தும் வந்துவிடும். மீதி 53 கிலோ தழைச்சத்துக்கு 115 கிலோ யூரியா. சாம்பல் சத்துக்கு 34 கிலோ பொட்டாஷ். அவருடைய ஒன்றேகால் ஏக்கருக்கு, யூரியா 45 கிலோ மூட்டையில் மூன்றும் மேற்கொண்டு 9 கிலோவும், டி.ஏ.பி. ஒரு மூட்டையும் 5 கிலோவும், பொட்டாஷ் 42 கிலோ. இது ஆய்வு செய்யாத நிலத்துக்கான பொதுக் கணக்கு. அவர் சீட்டில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று இருந்தது. அதனால் டி.ஏ.பி.யைக் குறைத்து எழுதிக் கொடுத்தேன். “இத மொதல்லயே எழுதிக் குடுத்திருந்தா நா எதுக்குங்க இத்தன தூரம் வாறேன்” என்றார்.

அவர் சொன்னதில் கோபம் இல்லை, நியாயம் இருந்தது. அன்றிலிருந்து என் கையால் போன எந்தச் சீட்டும் மூட்டைக் கணக்கு இல்லாமல் போகவில்லை. வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஆய்வு முடிவு உங்கள் கணினியில் ஏறும்போது வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இன்னொன்று. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். விலையை இப்படி வைத்துவிட்டு, ‘விவசாயிகள் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள்’ என்று அவர்களைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பரம்பரை விவசாயிக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்?

அவருக்குத் தெரிந்தவற்றில் பாதி எனக்குத் தெரியாது. எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த ஈரப் பதத்தில் ஏர் ஓட்டவேண்டும் என்பதை அவரிடம்தான் கேட்பேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில விஷயங்கள் உண்டு.

1960-களில் உத்தரப் பிரதேசத் தராய்ப் பகுதியில் நெல் நாற்று நட்ட சில வாரங்களில் துருப்பிடித்த நிறத்துக்கு மாறிக் குன்றியது. ‘கைரா’ என்றார்கள். ஏதோ நோய்க் கிருமி என்றே பலரும் தேடினார்கள். பந்த்நகரில் இருந்த ஒய்.எல். நேனே அது துத்தநாகக் குறை என்று கண்டுபிடித்தார். இத்தனைக்கும் அவர் பயிர் நோயியல்காரர். இன்று தமிழ்நாட்டில் எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள் என்று சொல்வது சாதாரணப் பரிந்துரை. கடையில் ‘சிங்க்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் மருந்தாக அடித்துத் தீர்த்த பணம் அது.

களரும் உவரும் இன்னோர் எடுத்துக்காட்டு. வெள்ளையாகப் பூத்தாலே ‘உப்பு’ என்று ஒரே பெயர் சொல்லிவிடுவோம். உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் பெரும்பாலும் சரியாகும். களர் மண்ணில் சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீர் எத்தனை கட்டினாலும் மண் கலங்கிப் பிசுபிசுத்து, உள்ளே இறங்கவே விடாது. அதற்கு ஜிப்சம் வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், விலகிய சோடியம் தண்ணீரோடு வடியும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழவேண்டும். அதன்பின் களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். 1 போன்ற நெல் ரகம். உவருக்குச் செய்வதைக் களருக்குச் செய்தால் தண்ணீரும் போகும், ஒரு போகமும் போகும்.

நீங்கள் ரசாயன உரத்தின் பக்கமா, இயற்கை விவசாயத்தின் பக்கமா?

மண்ணின் பக்கம் நின்று கணக்கைச் சொல்கிறேன். நம் நிலங்கள் பலவற்றில் அங்கக கரிமம் அரை சதவீதத்துக்கும் கீழே. இது ஆபத்தான நிலை. எரு, பசுந்தாள், மூடாக்கு இல்லாமல் இதை ஏற்ற வழியே இல்லை. இதில் இயற்கை விவசாயிகள் சொல்வது முழுக்கச் சரி. அதே சமயம், தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரை சதவீதம்தான். பரிந்துரைக்கும் 12.5 டன் எருவில் 60 கிலோ சொச்சம். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. மாடே இல்லாத ஊரில் எல்லா நிலத்துக்கும் இந்த எருவுக்கு எங்கே போவது? கோவை நிரந்தர வயலிலும் சரி, நாட்டின் மற்ற நீண்டகாலப் பரிசோதனைகளிலும் சரி, சமச்சீர் உரமும் தொழுவுரமும் சேர்ந்த பாத்திதான் விளைச்சலிலும் மண்ணிலும் நிலைத்து நிற்கிறது. என் நிலைப்பாடு அதுதான்.

பெண்களுக்கு இந்த வேலை சரிவருமா?

வரும். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது வெளிவேலைக்குப் போன இடங்களில் கழிப்பறை கிடையாது. காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவோம், அதன் விளைவுகளை உடம்பில் அனுபவித்தோம். குழிக்குள் இறங்கப் புடவை சரிவராது என்று சுடிதாருக்கு மாறியதற்கே பேச்சு வாங்கினேன். இன்று வேளாண் கல்லூரி வகுப்பறைகளில் பாதிக்கு மேல் பெண்களைப் பார்க்கிறேன். வயலில் வசதிகள் இன்னும் அந்த வேகத்தில் மாறவில்லை. குழுவாகப் போங்கள், கிளம்பும் முன் அந்த ஊரில் ஒரு வீட்டைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படிக் கதவு திறந்த அக்காமார்களும் அத்தைமார்களும் பல ஊரில் உண்டு. சில வீடுகளில் இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறார்கள்.

சம்பளம், வேலைவாய்ப்பு?

மத்திய வேளாண் ஆராய்ச்சிப் பணியில் விஞ்ஞானியாகச் சேர்ந்தால் ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். திட்ட ஊழியராக ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் நிறைய. அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வெளியே உர நிறுவனங்கள், சொட்டுநீர் நிறுவனங்கள், தேயிலை, கரும்பு ஆராய்ச்சி, செயற்கைக்கோள் வழி நில வரைபடம் என்று இடமிருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மை அலுவலராகவும் போகலாம்.

பள்ளியில் படிக்கிறேன். இப்போதே ஏதாவது செய்து பார்க்கலாமா?

உயரமான, நேரான கண்ணாடி பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னாலோ தோட்டத்திலோ மேல்மண்ணை எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத் தூள் சேர்த்து, மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அந்த இடத்தில் பாட்டில்மேல் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், அங்கே இரண்டாவது கோடு. களி இறங்க ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அதுவரை பாட்டிலைத் தொடாதீர்கள். தண்ணீர் தெளிந்ததும் ஸ்கேல் வைத்து மூன்று அடுக்கையும் அளந்து, தேதியும் இடமும் போட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வாருங்கள்.